உல்ரிக்கா அத்தையை அறைந்த ஆணி

ஏரி ஒன்று, ஏரிக்கரையில் பல்கலைக்கழகம் ஒன்று, பல்கலைக்கழகத்து மாடிப்படி முடிகிற இடத்தில் ஓக் மரப் பலகை ஒன்று என்று அமைந்திருந்த வெஸ்டர்லுண்டா என்ற ஸ்வீடன் நாட்டு ஊரில், ஆய்வு முடித்தவர்கள் நம் ஊரைப்போல ஆய்வேட்டுக்கு மெரூன் அட்டை போட்டுப் பதிவாளர் மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பதில்லை. ஆய்வேட்டின் மூலையில் துளையிட்டு, சுத்தியலைத் தாங்களே கையிலெடுத்து, ஊரறிய அந்தப் பலகையில் ஆணியடித்து மாட்டுவார்கள், மாட்டிய கையோடு கேக் வெட்டுவார்கள், அதன்பிறகு சில வாரங்கள் அந்தப் பக்கமாகப் போகிற எவரும் நின்று புரட்டிக் குற்றம் கண்டுபிடிக்கலாம். அடித்த ஆணியை அடித்தவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது, ஆணி இறங்கினால் பட்டமும் இறங்கும் என்பது அந்த ஊரின் பழைய விதி. ஆணியை யாரும் எப்போதும் இறக்கியதில்லை. கஷ்டப்பட்டு வாங்கிய பட்டத்தை யார் இறக்குவார்கள், சொல்லுங்கள்?

பெண்கள் தொப்பி அணிந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கடைசிக் காலத்தில், ஒரு மே மாதம், யோர்டிஸ் அல்ம்லவ் தன் சுத்தியலோடு அந்தப் பலகை முன்னால் வந்து நின்றாள். அதற்குமுன்பே அவள் ஒரு நாவல் எழுதியிருந்தாள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலையில் வேலைபார்க்கும் சகோதரிகளைப் பற்றிய அந்த நாவலை விமரிசகர்கள் "இனிமையானது" என்றார்கள். இனிமையானது என்ற சொல்லை அந்த ஊர் விமரிசகர்கள் கேக்குக்கும் பெண்கள் எழுதிய புத்தகத்துக்கும் மட்டும்தான் பயன்படுத்துவார்கள், ஆண் எழுதினால் அது "காத்திரமானது". அவளுடைய ஆய்வோ, நூறாண்டுக்கு முன்னால் செத்துப்போன உல்ரிக்கா வென்பெர்க்கைப் பற்றியது. ஒரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளைப் பெற்று, சிலரைப் புதைத்து, மிச்ச நேரத்தில் ஒன்பது நாவல்கள் எழுதிய அந்த அம்மாளுக்கு, பேராசிரியர் டோர்ஸ்டன் ஹெக்மார்க் எழுதிய தலையணை தடிமன் இலக்கிய வரலாற்றில் கிடைத்த இடம் ஒரே ஒரு வாக்கியம்: "அக்காலத்தில் சில பெண்களும் எழுதினர், பாதிரியார் வென்பெர்க்கின் மனைவி அவர்களுள் ஒருவர்."

யோர்டிஸ் ஓங்கி அடித்தாள். அடித்த சத்தம் கூரையில் முட்டித் திரும்புவதற்குள், கீழே வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு, கறுப்புப் பாவாடையும் காதை மூடிய குல்லாயுமாக, பூட்ஸில் புதுப்பனி ஒட்டியிருக்க, உல்ரிக்கா வென்பெர்க் படியேறி வந்தார். வெளியே நல்ல வெயில். லைலாக் பூத்திருந்தது.

வாயிற்காவலர் ஆல்கோட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்தது முகத்தையல்ல, பூட்ஸை.

"சீமாட்டி காலைத் துடைத்துக்கொண்டு ஏறுவாரா? இப்போதுதான் தரைக்கு மெழுகு போட்டார்கள்."

"துடைச்சாலும் நிக்காதுப்பா, இந்தப் பனி," என்றார் உல்ரிக்கா. "கொஞ்ச காலமா இப்படித்தான்."

அவ்வளவுதான். யாரும் மயங்கி விழவில்லை, யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, துப்புரவுப் பெண் ஒரு தகரத் தட்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள், அந்தத் தட்டில் பனி உருகி நிறைவதும் அதை ஒருவர் ஜன்னல் வழியாகக் கொட்டுவதும் அன்றிலிருந்து இலக்கியத் துறையின் அன்றாட வேலைகளில் ஒன்றாயிற்று. மற்ற ஆய்வேடுகளை அடித்தபோதெல்லாம் ஏன் யாரும் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆய்வேடுகளெல்லாம் அரசவைக் கவிஞர்களைப் பற்றியவை. அவர்கள்தான் ஊர்ச் சதுக்கங்களில் ஏற்கெனவே வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே, எழுந்து வரவேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன?

செத்தவர் வந்தது ஒரு பிரச்சினையாகவே இல்லாத அந்தத் துறைக்கு, செத்தவரை எப்படி அழைப்பது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் ஒருவரை நேருக்குநேர் நீ என்பதும் நீங்கள் என்பதும் மரியாதைக் குறைவு. எதிரில் உட்கார்ந்திருப்பவரையே, வேறெங்கோ இருப்பவரைப்போல, "டாக்டருக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா", "பேராசிரியர் குடையை மறந்துவிட்டாரே" என்று பட்டத்தைச் சொல்லித்தான் பேசவேண்டும். பட்டம் இல்லாதவளை என்ன செய்வது? இதற்காக ஒரு குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. ஒன்பது நாவல் எழுதியதால் "எழுத்தாளர்" என்று அழைக்கலாமே என்று யோர்டிஸ் சொன்னதற்கு, அதை முடிவுசெய்யவேண்டியது இலக்கிய வரலாறு, இலக்கிய வரலாற்றை எழுதியது ஹெக்மார்க், ஹெக்மார்க் அப்படி எழுதவில்லை என்று பதில் வந்தது. கடைசியில் "பாதிரியார் மனைவி" என்றே முடிவானது. பாதிரியார் செத்தும் நூறாண்டு ஆகிறது. அவர் வரவில்லை, அவருடைய பட்டம் மட்டும் வந்துவிட்டது.

யோர்டிஸ் மட்டும் அவரை "உல்ரிக்கா அத்தை" என்றாள். அங்கேயும் மூத்த பெண்களை அத்தை என்று அழைக்கிற முறை உண்டு.

ஆய்வேட்டைத் தற்காக்கிற நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. எதிர்வாதம் செய்ய வந்தவர் ஹெக்மார்க். வால்கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை, தன் குரலைத் தானே ரசிக்கிற தொண்டை. உல்ரிக்கா அத்தை முன்வரிசையில், தகரத் தட்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்காம் நாவலில்," என்று தொடங்கினார் ஹெக்மார்க், "நாயகி சமையலறைக் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுக்கிறாள். எழுதுவதற்குத் தனிமை தேடுகிறாள் என்கிறார் செல்வி அல்ம்லவ். நான் சொல்கிறேன், அது ஆண்டவனுக்கு எதிராக அடைத்துக்கொண்ட ஆன்மா. நாற்காலி இங்கே பாவத்தின் குறியீடு."

"அது எங்க வீட்டுக் கதவுங்க," என்றார் முன்வரிசையிலிருந்து உல்ரிக்கா. "மழை ஈரத்துல வீங்கிடும், சாத்தவே முடியாது. முட்டுக்கொடுத்தாத்தான் கொஞ்ச நேரமாவது யாரும் உள்ள வரமாட்டாங்க. அந்த நேரத்துல எழுதுவேன். அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கா."

மண்டபம் ஹெக்மார்க்கைப் பார்த்தது. ஹெக்மார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"பாதிரியார் மனைவி," என்றார் கனிவோடு, "தம்முடைய நாவலைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை."

மண்டபம் கைதட்டியது. நான் இட்டுக்கட்டவில்லை, கைதட்டியது. எழுதியவளுக்கு எழுதியது புரியாது, எழுதியதைப் படித்தவளுக்குப் படித்தது புரியாது, இரண்டையும் அரைகுறையாகப் புரட்டியவருக்கு எல்லாம் புரியும் என்ற தத்துவத்தின்மேல் எத்தனை துறைகள் இன்றும் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் எண்ணுகிறவளுக்குத்தான் தலைவலி. யோர்டிஸுக்குப் பட்டம் தந்தார்கள், ஆனால் பல்கலைக்கழகத்தில் நிரந்தரமாகக் கற்பிக்கத் தேவையான தரத்துக்கு ஒரு படி கீழே தந்தார்கள். காரணம் கேட்டாள். நாவலாசிரியரே எழுந்து ஆமாம் என்று சொல்லிவிட்டதால் இது இனி ஆய்வு முடிவு அல்ல, வெறும் செய்தி என்றார்கள். நாவலாசிரியர் "இல்லை" என்று சொல்லியிருந்தால் என்று கேட்டாள். அப்படியென்றால் தவறான முடிவு என்றார்கள்.

அன்றிலிருந்து யோர்டிஸின் வாழ்க்கை இரண்டு படகில் கால்வைத்தவளின் வாழ்க்கையாயிற்று, இரண்டு படகுக்காரர்களும் அவளைத் தண்ணீரில் தள்ளப் பார்த்தார்கள். அவள் நாவல் எழுதினால், அறிஞர் எழுதிய நாவல், சூடு இல்லை என்றார்கள் நாவல்காரர்கள். ஆய்வு எழுதினால், நாவல்காரி எழுதிய ஆய்வு, சூடு அதிகம் என்றார்கள் அறிஞர்கள். பாடம் நடத்த ஆள் கிடைக்காத பருவங்களில் மட்டும், உதவி ஆசிரியருக்கு உதவியாக, அவளைக் கூப்பிட்டார்கள். அவளுடைய கைப்பிரதிகளை ஒழுங்காகப் படித்து ஒழுங்காகத் திட்டியவர் செத்துப்போன ஒருத்திதான்.

"இந்த ரெண்டாம் அத்தியாயம் எதுக்குடி?"

"அதுலதான் அத்தை அந்த ஊரோட வரலாறு வருது."

"வந்து என்ன பண்ணுது? சும்மா நிக்குது, விருந்தாளி மாதிரி. வெட்டு."

வெட்டினாள். வெட்டிய நாவல்தான் அவளுடைய நல்ல நாவல்.

உல்ரிக்கா அத்தை அங்கிருந்து போக முடியாமல் இருந்தார். முதல் கோடையிலேயே ஒருமுறை முயன்று பார்த்தார். படியிறங்கி, கதவைத் திறந்து, வெயிலில் காலை வைத்தால், வைத்த கால் மறுபடி ஓக் பலகை முன்னால்தான் பதிந்தது. "ஆணி நிற்கிறவரை பாதிரியார் மனைவியும் நிற்பார்போல," என்றார் ஆல்கோட், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. யோர்டிஸும் அதைக் கேட்டாள். கேட்காததுபோல நகர்ந்துபோனாள். ஆணி அவளுடையது, அதில் தொங்கிய பட்டமும் அவளுடையது.

போக முடியாத பெண் ஒருத்தி ஒரு கட்டடத்தில் இருந்தால் அந்தக் கட்டடம் அவளுக்கு என்ன வேலை கொடுக்கும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? அந்த நாட்டில் முற்பகலிலும் பிற்பகலிலும் வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிடுவது, பூசை மாதிரி, தவறாத வழக்கம். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, ஒருநாள் பார்த்தால் உல்ரிக்கா அத்தை கூஜாவோடு மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவர் கை குளிருக்குக் காபி சட்டென்று ஆறிவிடும். நாக்கு சுடாத பதத்தில் இருக்கிறது என்று துறையே பாராட்டியது.

"நீங்க ஏன் அத்தை ஊத்துறீங்க? ஒன்பது நாவல் எழுதினவங்க!"

"எழுதினப்பவும் ஊத்திக்கிட்டேதாண்டி எழுதினேன்."

அவர் ஊற்றும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஹெக்மார்க் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார், பாதிரியார் மனைவியின் மாமியார் எப்படி, அந்த மூன்றாம் நாவலின் பிரெஞ்சுக்காரன் யார், குழந்தை இறந்தபோது என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று. சில குளிர்காலங்கள் கழித்து அவருடைய பெரிய புத்தகம் வந்தது: உல்ரிக்கா வென்பெர்க் என்னும் மேதையைத் தூசியிலிருந்து மீட்டவர் டோர்ஸ்டன் ஹெக்மார்க் என்று வானொலி சொன்னது, பரிசு கொடுத்தார்கள், விருந்து கொடுத்தார்கள். அடிக்குறிப்பு ஒன்றில், மெய்ப்புப் பார்க்க உதவிய செல்வி அல்ம்லவுக்கு நன்றி என்று இருந்தது. அவள் மெய்ப்புப் பார்க்கவே இல்லை. விருந்தில் காபி ஊற்றியது யாரென்று கேட்காதீர்கள்.

இப்படி இருக்கையில் அந்த நாட்டுக்கு ஒரு நாள் ஞானம் வந்தது. இனிமேல் பட்டம் வேண்டாம், சுற்றி வளைக்க வேண்டாம், ராஜா ஒருவரைத் தவிர எல்லாரும் எல்லாரையும் நீ என்று அழைக்கலாம் என்று நாடே பேசிவைத்ததுபோல மாறிவிட்டது. மாணவன் பேராசிரியரை நீ என்றான், வாயிற்காவலர் துறைத்தலைவரை நீ என்றார், துறைத்தலைவர் துப்புரவுப் பெண்ணை நீ என்று அழைத்துவிட்டு சமத்துவம் வந்ததில் கண்கலங்கினார். சம்பளம் மட்டும் பழைய மரியாதையோடு ஆளுக்கு ஆள் தள்ளியே நின்றது. மேசையைச் சுற்றி முன்பு "பாதிரியார் மனைவி இன்னும் கொஞ்சம் ஊற்றுவாரா" என்றவர்கள் இப்போது "உல்ரிக்கா, நீ இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்கள். புரட்சி அவ்வளவுதூரம் வந்து நின்றுகொண்டது. யோர்டிஸ் மட்டும் கடைசிவரை நீங்கள், அத்தை என்றே சொன்னாள்.

ஹெக்மார்க் ஓய்வு பெற்றார். பேராசிரியர் பதவி காலியானது. யோர்டிஸுக்கு அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவளுடைய நாவல்கள் ஏழெட்டு மொழிகளில் கிடைத்தன, அவள் எழுதிய ஆய்வுநூல்களை அவளைப் பிடிக்காதவர்களும் ஒளித்துவைத்துப் படித்தார்கள். அந்தத் துறை தோன்றிய நாளிலிருந்து ஒரு பெண்கூட அந்தப் பதவியில் இருந்ததில்லை, இந்தமுறை பெண்ணைத்தான் போடவேண்டும் என்று மாணவிகள் படிக்கட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். யோர்டிஸ் விண்ணப்பித்தாள். இது கிடைக்காவிட்டால் வேறெதுவும் இனி கிடைக்காது என்பது அவளுக்கும் தெரியும், துறைக்கும் தெரியும்.

துறைத்தலைவர் ராக்னார் புரோலின் சிரித்த முகம். புதுக்காலத்து மனிதர், கழுத்துப்பட்டை அணியாதவர். அவளை அழைத்து உட்காரவைத்தார்.

"யோர்டிஸ், உனக்கு ஒரு நல்ல செய்தி. ஒரு பெண்ணைத்தான் போட்டிருக்கிறோம்."

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"உல்ரிக்காவை."

"எந்த உல்ரிக்கா?"

"நம்ம உல்ரிக்காதான். யோசித்துப் பார், வென்பெர்க்கைப் பற்றி வென்பெர்க்கைவிடத் தெரிந்தவர் யார்?"

"அவருக்கே அவர் நாவல் புரியவில்லை என்று சொன்ன துறை இது!"

"அது அந்தக் காலம். இப்போது நாம் பெண்களின் குரலைக் கேட்கிறோம்." புரோலின் குரலைத் தணித்துக்கொண்டார். "அதோடு, அவளுக்கு ஓய்வூதியம் வேண்டாம், விடுப்பு வேண்டாம், வாதாடமாட்டாள். நீ வாதாடுவாய் யோர்டிஸ். நிபுணர் குழுவில் எல்லாருமே அதைக் குறிப்பிட்டிருந்தார்கள்."

"அவரிடம் கேட்டீர்களா?"

"எதை?"

"சம்மதம்!"

புரோலின் உண்மையாகவே குழம்பினார். செத்த எழுத்தாளர்களிடம் சம்மதம் கேட்பது இலக்கியத் துறையில் எந்தக் காலத்திலும் வழக்கமில்லையே.

மாணவிகள்கூட முதல்நாள் முகம் சுளித்துவிட்டு மறுநாள் பழகிவிட்டார்கள், என்ன இருந்தாலும் பெண் பெண்தானே என்றார்கள். செய்தித்தாள்கள் "வரலாற்றில் முதல் பெண் பேராசிரியர்" என்று எழுதின. அவருக்கென்று தங்க விளிம்பு போட்ட புதுக் கோப்பை ஒன்று வாங்கப்பட்டது, அதைக் கழுவி அடுக்கியவர் அவரேதான். பதவியேற்பு நாளில் எல்லாரும் மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருக்க, யோர்டிஸ் தன் அறையில் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உல்ரிக்கா அத்தை கதவருகே வந்து நின்றார். வழக்கத்தைவிடப் பனி அதிகம், முழங்கால்வரை.

"புடுங்கிடு," என்றார்.

யோர்டிஸுக்குப் புரிந்தது. "பட்டம் போயிடும் அத்தை. பட்டம் போனா நான் இத்தனை வருஷம்..."

"தெரியும்."

"அவங்க செஞ்சதுக்கு நான் ஏன் அழியணும்? நான்தானே உங்களைக் கண்டுபிடிச்சேன்? ஒத்தை வாக்கியமா கிடந்தீங்க!"

"ஒத்தை வாக்கியமா கிடந்தேன், ஆமா. நல்லாப் படுத்திருந்தேன்." அத்தைக்குக் கோபம் வந்து யோர்டிஸ் பார்த்ததில்லை. "நீ என்னைப் படிச்சே, சந்தோஷம். சரியாப் படிச்சே, அது இன்னும் சந்தோஷம். ஆனா ஆணியடின்னு நான் சொன்னேனா? அவன் என் வாயைப் புடுங்கிப் புஸ்தகம் போட்டான், இவன் என்னைக் கொண்டுபோய் மேடையில உட்காரவைக்கிறான், எல்லாம் எதுல தொங்குது? உன் ஆணியிலதாண்டி. ஆல்கோட் சொன்னன்னைக்கே உனக்குக் காது கேட்டுச்சு."

அடுக்க எடுத்த புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோர்டிஸ் நின்றாள். வாதாடுகிறவள் என்று நிபுணர் குழுவே சான்றளித்திருந்த அவள், வாழ்க்கையில் முதல்முறையாக வாதாடாமல், அந்தப் புத்தகத்தைப் பெட்டிமேல் வைத்தாள்.

மேசை இழுப்பறையைத் திறந்து, இத்தனை காலமும் ஏனென்று தெரியாமல் வைத்திருந்த அந்தச் சுத்தியலை எடுத்தாள்.

பலகையில் இப்போது ஆய்வேட்டின்மேல் ஆய்வேடாக, பழுத்ததும் பழுக்காததுமாக, மூச்சுவிட இடமில்லாமல் தொங்கின. அவளுடையது அடியில் கிடந்தது. சுத்தியலின் பிளந்த வாயை ஆணித்தலையில் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றி, நெம்பினாள். ஆணி முனகியது, வரமாட்டேன் என்றது, பிறகு பல் விழுவதுபோலச் சட்டென்று வந்துவிட்டது. ஆய்வேடு பொத்தென்று தரையில் விழுந்தது.

அத்தையின் பூட்ஸில் பனி நின்றுபோயிருந்தது. தோல் உலர்ந்து, சாதாரணப் பழைய பூட்ஸாக இருந்தது. அவர் காலைத் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போ," என்றார். "கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடு. அந்தக் கடைசி நாவல்லயும் ரெண்டாம் அத்தியாயம் சரியில்ல."

படியிறங்கினார். கதவைத் திறந்தார். வெயிலில் வைத்த கால் வெயிலிலேயே பதிந்தது.

மண்டபத்தில் பதவியேற்பு விழா ஒழுங்காக நடந்து முடிந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். பேராசிரியர் வரவில்லை என்பதைக் கவனித்த புரோலின், மௌனமும் ஒரு பெண்குரல்தான் என்று அழகாகப் பேசினார், காலி மேடைக்கு எல்லாரும் எழுந்துநின்று கைதட்டினார்கள், அந்தப் பதவி இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது என்கிறார்கள். யோர்டிஸின் பட்டம் விதிப்படி அன்று மாலையே ரத்தானது. அவள் இனி டாக்டர் அல்ல, ஆசிரியர் அல்ல, அந்தக் கட்டடத்தில் யாருமே அல்ல.

விழா முடிந்து எல்லாரும் காபி அறைக்கு வந்தார்கள். மேசை நடுவில் கூஜா நிறைய காபி இருந்தது. ரொட்டி இருந்தது. கோப்பைகள் இருந்தன. எல்லாரும் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்து காத்திருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், கூஜாவைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள். உலகத்தின் எல்லாக் குறியீடுகளையும் விளக்கத் தெரிந்த அந்த மேசையைச் சுற்றி, ஒரு கூஜாவை எப்படிச் சாய்ப்பது என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அப்போது யோர்டிஸ், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தொப்பியும் மேலங்கியுமாகத் திறந்திருந்த கதவைக் கடந்து போனாள்.

புரோலினின் முகம் மலர்ந்தது. "யோர்டிஸ்! நல்லவேளை. நீ போறதுக்கு முன்னால இந்தக் காபியைக் கொஞ்சம்..."

அவள் திரும்பி உள்ளே வந்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். மேலங்கிப் பைக்குள் கைவிட்டு அந்த ஆணியை எடுத்து, தங்க விளிம்பு போட்ட புதுக் கோப்பைக்குள் போட்டாள். டிங் என்றது. கோப்பையைப் புரோலின் முன்னால் நகர்த்திவைத்து, நாடே கூடி அவளுக்குக் கொடுத்த ஒரே சமத்துவத்தை அன்றுதான் முதல்முறையாக முழுசாகப் பயன்படுத்தினாள்.

"நீயே ஊத்திக்கோ."